வளவு வீட்டை வீடாகவே விற்பது

முற்றத்தைச் சுற்றிய வளவு உள்ள செட்டிநாட்டு வீட்டுக்கு இரண்டு வகை ஆட்கள் விலை கேட்டு வருவார்கள். ஒருவர் வீட்டை வாங்க வருகிறார். மற்றவர் மனையையும் மரத்தையும் வாங்க வருகிறார். முதலாமவர் பத்திரத்தைப் படிப்பார், பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுவார், யோசித்துச் சொல்கிறேன் என்று போவார். இரண்டாமவர் தூணைத் தட்டிப் பார்ப்பார், நிலையை அளப்பார், அன்று மாலையே முன்பணம் தருகிறேன் என்பார். பல குடும்பங்கள் இரண்டாமவரிடம் விற்பது அவர் தரும் விலைக்கு ஆசைப்பட்டு அல்ல. முதலாமவர் கேட்கும் காகிதத்தையும் கையெழுத்தையும் கொடுக்க முடியாததால்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கடியாபட்டி என்று எந்த ஊர் வீடானாலும் இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான். பழைய வீட்டின் விலை அது முழுதாக இருப்பதில் இருக்கிறது. உரிமை சிதறாமல் ஒரே கிரயமாக வரவேண்டும். தூணும் நிலையும் தரையும் சிதறாமல் ஒரே கட்டடமாக நிற்கவேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் வீடாக வாங்க வந்தவர் விலகிவிடுவார். மிஞ்சுவது மனை விலையும் மர விலையும்தான்.

இந்த வீடுகளில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளிலும் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயாவில் நகரத்தார் என்னும் செட்டியார்கள் நடத்திய லேவாதேவிப் பணத்தில் கட்டியவை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபின் அந்த வரும்படி தேய்ந்தது. வீடு மட்டும் அப்படியே நின்றது. அதன் பங்காளிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகினார்கள். இன்று விற்கவேண்டிய வீட்டின் இரண்டு சிக்கல்களும், அதாவது எண்ணற்ற கையெழுத்தும் பராமரிப்பு இல்லாத கூரையும், இங்கிருந்து வந்தவை.

1. கையெழுத்துகளைக் கூட்டுவது

முதல் வேலை, வம்சாவளியை ஒரு பெரிய தாளில் வரைவது. வீட்டைக் கட்டியவர் பெயரில் தொடங்கி, இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு வாரிசு வரை வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று செய்திகள் வேண்டும்: எங்கே இருக்கிறார், எந்த நாட்டுக் குடிமகன், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் உண்டா. வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியரிடம் வாங்குவது. மிகப் பழைய இறப்புகளுக்கு அவர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும் நிலையும் வரலாம். ஆகவே இதை முதல் மாதமே தொடங்கவேண்டும்.

அந்தத் தாளில் அடிக்கடி விட்டுப்போவது பெண் வாரிசுகள். கலியாணத்தின்போது சீர் கொடுத்து அனுப்பியாயிற்று, ஆச்சிகளுக்கு வீட்டில் பங்கில்லை என்று இன்னமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. தந்தையின் தனிச் சொத்தில் 1956 முதலே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் மணமாகாத மகள்களுக்கு உரிமை தந்தது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களையும் மகன்களுக்கு இணையாக்கியது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்ற வாதத்தையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைதான் இதில் முக்கியமான விலக்கு. வாங்குபவரின் வழக்கறிஞர் இதைத்தான் முதலில் பார்ப்பார். அத்தைகளின் கையெழுத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த வீடு கடைசி நேரத்தில்தான் முறியும்.

அடுத்தது, ஒரு பங்காளி மட்டும் தன் பங்கை வெளியாருக்கு விற்கும் ஆபத்து. அப்படி வாங்குபவருக்கே அதில் லாபம் குறைவு என்பதை அந்தப் பங்காளிக்குப் புரியவையுங்கள். வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால் உடன் வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டம் தருகிறது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் உள்ளே வந்து கூட்டு அனுபவம் கேட்க முடியாது என்கிறது சொத்து மாற்றச் சட்டம். அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது. இத்தனை முட்டுக்கட்டை உள்ள ஒற்றைப் பங்குக்கு யாரும் நியாய விலை தரமாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரத்தில் விற்கும்போதுதான் ஒவ்வொருவர் பங்கும் அதன் முழு மதிப்பைப் பெறும்.

எனவே விலை பேசுவதற்கு முன்பே குடும்பத்துக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். அதில் இருக்கவேண்டியவை:

- யார் யாருக்கு எத்தனை பங்கு.
- எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை.
- வாங்குபவரிடம் பேசும் பொறுப்பு யாருக்கு. ஒருவர் அல்லது இருவர் போதும்.
- கூரை, காகித வேலைக்கான செலவை இப்போது யார் போடுகிறார்கள், விற்றபின் எப்படிக் கழித்துக்கொள்வது.
- பங்காளிகளில் யாராவது முழு வீட்டையும் வாங்க விரும்பினால் எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும்.
- வீட்டில் ஆண்டுதோறும் முன்னோருக்குப் படைப்பு நடக்கிறது என்றால் அது இனி எங்கே நடக்கும். சில குடும்பங்கள் வேறு பங்காளி வீட்டுக்கு மாற்றிக்கொள்கின்றன. சில குடும்பங்கள் வாங்குபவரோடு பேசி ஆண்டுக்கு ஒரு நாள் வந்து போக வழி செய்துகொள்கின்றன. இதைப் பேசாமல் விட்டால், எல்லாம் முடியும் தறுவாயில் பெரியவர் ஒருவர் கையெழுத்து மறுப்பார். அது பணத்தால் தீராத பிணக்கு.

வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பவேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாகவேண்டும். கிரயத்தின்போது பவர் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கான சான்றையும் கேட்பார்கள். பங்காளி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டையும் இல்லாதவர் என்றால், அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த கணக்கரிடம் கேட்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்காதீர்கள்.

காகிதக் கட்டில் தாய்ப்பத்திரம், இடையில் நடந்த பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவை இருக்கவேண்டும். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கான வில்லங்கத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்குங்கள். பட்டா தாத்தா பெயரிலேயே நின்றிருந்தால் இன்றைய வாரிசுகள் பெயருக்குக் கூட்டுப்பட்டாவாக மாற்றுங்கள். பின்கட்டில் காவலுக்கு வைத்த குடும்பம் நெடுங்காலமாக வாழ்கிறது என்றால், அவர்களுக்கு உரியதைக் கொடுத்து எழுத்தில் முடித்துக்கொண்ட பிறகே வீட்டைக் காட்டத் தொடங்குங்கள்.

2. எது வீடு, எது சாமான்

தூண், நிலை, கதவு, சன்னல், உத்தரம், தரையில் பதித்த கல், சுவரில் பதித்த கண்ணாடி எல்லாம் கட்டடத்தின் பகுதி. வீட்டை விற்றால் அவையும் சேர்ந்தே போகும். ஊஞ்சல் பலகை, பெட்டகம், பாத்திரம், படம், கணக்கு ஏடு ஆகியவை சாமான். இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக எழுதி, படமெடுத்து, எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

சாமானைப் பிரிப்பதற்கு முன் மூன்று சட்டங்களை நினைவில் வையுங்கள். நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம் போன்றவையும், 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடிகளும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். சில வகைகளைப் பதிவு செய்யவேண்டும். அதே ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தம், மான் கொம்பு, புலித்தோல் ஆகியவற்றை விற்கவே கூடாது. வீட்டோடு சேர்த்து வாங்குபவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதும் தவறு. முகப்பில் மாட்டிய கொம்புகளைப் பற்றி வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் கை வையுங்கள். மூன்றாவது ஆயுதச் சட்டம்: பழைய நாட்டுத் துப்பாக்கி, வாள் இருந்தால் காவல் நிலையத்தில் பேசுங்கள்.

இன்னொரு கண்டிப்பு: வீட்டை விற்கும் முன் அதன் பகுதி எதையும் விற்காதீர்கள். செலவுக்கு ஆகிறதே என்று வளவுக்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டின் கதவுகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைக்கு அனுப்பினால், கைக்கு வரும் தொகை சிறிது. வீட்டை விடுதியாக நடத்த வாங்க வருபவர் நிலை பெயர்த்த சுவரைப் பார்த்ததும், இனி மீதியும் போகும் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

3. ஆயத்தம்: கூரை முதலில், வண்ணம் கடைசியில்

விற்பதற்காகப் பழைய வீட்டைப் புதுப்பிக்கவேண்டாம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதும், வீடு எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதும் போதும். வேலை வரிசை இது:

1. கைப்பிடிச் சுவரிலும் சுதை உருவங்களின் இடுக்கிலும் முளைத்த ஆல், அரசு கன்றுகளை வேரோடு எடுப்பது. வெறுமனே வெட்டினால் வேர் சுவருக்குள் பருத்துக்கொண்டே போகும்.
2. உடைந்த ஓடுகளை மாற்றுவது. நாட்டு ஓட்டுக்கு நாட்டு ஓடு, மங்களூர் ஓட்டுக்கு மங்களூர் ஓடு. தகரம் போட்டு மூடினால் வாங்குபவர் கண் நேரே அங்கேதான் போகும்.
3. இரு கூரைகள் சேரும் கால்வாயையும், முற்றத்துக்கு நீர் இறங்கும் தூம்பையும் அடைப்பு எடுப்பது. வளவு முற்றத்தில் விழும் மழை எந்த வழியாக வெளியே போகிறது என்று கண்டுபிடித்து அந்த வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். பல வீடுகளில் சுவர் ஊறுவதற்குக் கூரையைவிட இந்த அடைப்பே காரணம்.
4. கறையான் வந்த மரத்தைப் பொறியாளரிடம் காட்டி, தாங்கும் மரத்தில் உள்ளதா, மேலோட்டமா என்று எழுத்தில் வாங்குவது.
5. வௌவாலையும் புறாவையும் வெளியேற்றி, கம்பி வலை அடிப்பது.
6. பழைய மின் இணைப்பைச் சோதித்து, ஆபத்தான பகுதியைத் துண்டிப்பது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு விளக்காவது எரியவேண்டும்.
7. பூட்டிக் கிடக்கும் எல்லா அறைகளையும் திறந்து, குப்பையை அகற்றிப் பெருக்குவது. சாவி தொலைந்த அறை ஒன்று இருந்தாலும் அதற்குள் என்ன சேதமோ என்ற சந்தேகம் விலையில் இறங்கும்.

தொடக் கூடாதவற்றின் பட்டியல் இதைவிட முக்கியம். கண்ணாடிபோல் மின்னும் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காக இழைத்த அந்தப் பூச்சைப் பெயின்டுக்கு அடியிலிருந்து மீட்பது மிகக் கடினம். மெல்லிய துணியை நனைத்துத் துடைத்தாலே பளபளப்பு திரும்பும். பெயர்ந்த இடத்தில் சிமென்ட் வைத்து ஒட்டாதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு அடுத்த மழைக்கே பொரிந்து உதிரும். பெயர்ந்தது பெயர்ந்தபடியே இருக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல்லையும் இத்தாலியப் பளிங்கையும் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். ஆத்தங்குடிக் கல், கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சூளையில் சுடுவதில்லை. ஆசிட் அந்த வண்ணப் படலத்தைத் தின்றுவிடும். நீரில் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மறுபடி துடைத்தால் போதும். பர்மா தேக்குத் தூணுக்கு வார்னிஷ் வேண்டாம். தூசி நீங்கினால் மரம் தன் நிறத்தைத் தானே காட்டும்.

மிச்சமிருக்கும் பணத்தை இரண்டு காகிதங்களில் போடுங்கள். ஒன்று, கட்டடக் கலைஞர் ஒருவர் அளந்து வரைந்த வரைபடம். இரண்டாவது, பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள பொறியாளரின் நிலை அறிக்கை. உடனே செய்யவேண்டியது எது, பிறகு செய்யலாம் என்பது எது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ என்ன செலவு என்று அது சொல்லவேண்டும். பழைய வீட்டை வாங்குபவருக்கு உள்ள பெரிய பயம் தெரியாத செலவு. அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் பாதிப் பேரம் குறையும்.

4. விலை வைப்பது

பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்று கேட்டு விலை வைக்க முடியாது. பக்கத்து வீடு உடைக்கப் போனதா, குடியிருக்கப் போனதா என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மூன்று கணக்குகளைத் தனித்தனியே போடுங்கள்.

முதலாவது மனைக் கணக்கு. உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். அண்மையில் அதே தெருவில் நடந்த கிரயங்களை வில்லங்கச் சான்றின் வழியே எடுங்கள். இரண்டாவது மரக் கணக்கு. உடைக்க வாங்குபவர் என்ன தருவார் என்பதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அது உங்கள் தரைமட்டம். மூன்றாவது பயன் கணக்கு. வீட்டை வீடாகவே வைத்து விடுதி நடத்துபவரோ, குடியிருப்பவரோ எவ்வளவு போட முடியும் என்பது.

ஒரு கற்பனை வீட்டில் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 60 அடி அகலம், 200 அடி நீளம். 12,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 27.5 சென்ட். சதுர அடி ரூ. 1,000 என்றால் மனை ரூ. 1.20 கோடி. மரமும் கல்லும் கூலி போக ரூ. 45 லட்சம். மொத்தம் ரூ. 1.65 கோடி. உடைப்பவர் தனக்கு ரூ. 20 லட்சமாவது நிற்கவேண்டும் என்பார். மிச்சம் ரூ. 1.45 கோடி. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த 9 சதவீதத்தை ஒதுக்கினால் அவர் உங்களுக்குத் தரக்கூடியது சுமார் ரூ. 1.33 கோடி.

விடுதிக்காரர் வேறு மாதிரிக் கணக்குப் போடுவார். ஆண்டுக்குச் செலவு போக ரூ. 30 லட்சம் வரும், போட்ட பணத்துக்கு 10 சதவீதம் வேண்டும் என்றால், அவர் மொத்தம் போடத் தயாரானது ரூ. 3 கோடி. செப்பனிடவும் குளியலறை கட்டவும் ரூ. 1.20 கோடி போனால் மிச்சம் ரூ. 1.80 கோடி. பதிவுச் செலவு போக உங்களுக்கு ரூ. 1.65 கோடி தரலாம். உடைப்பவரைவிட ரூ. 32 லட்சம் கூடுதல்.

இப்போது இரண்டு மழைக்காலம் கூரையைக் கவனிக்காமல் விட்டதாகவும், சில கதவுகளைத் தனியே விற்றுவிட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். செப்பனிடும் செலவு ரூ. 35 லட்சம் கூடுகிறது. விடுதிக்காரரிடம் மிச்சம் ரூ. 1.45 கோடி, பதிவுச் செலவு போக ரூ. 1.33 கோடி. இரண்டு பேரும் ஒரே விலைக்கு வந்துவிட்டார்கள். முன்பணம் கையில் வைத்திருப்பவர் வீட்டை உடைத்துவிடுவார். பழைய வீடுகள் விழும் கணக்கு இதுதான். கூரைக்குச் செலவழிக்கும் பணம் வீட்டின் மேலுள்ள பாசத்துக்காக மட்டும் என்று சொல்லும் பங்காளிக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பர்மா தேக்கு இன்று என்ன விலை, இப்படி ஒரு வீட்டை இன்று கட்ட எத்தனை கோடி ஆகும் என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். கட்டும் செலவை எந்த வாங்குபவரும் தரமாட்டார். பயன் கணக்கில் வரும் எண்ணுக்குச் சற்று மேலே, பேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் இடம் விட்டு விலை சொல்லுங்கள். இரட்டிப்பாகச் சொல்லி இறங்கலாம் என்று நினைத்தால், வீடாக வாங்கக்கூடிய சிலரும் வந்து பார்க்காமலே போவார்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னால் உடன்படாதீர்கள். வழிகாட்டி மதிப்புக்கும் பத்திர விலைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே உங்கள் விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளும்.

5. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது

செட்டிநாட்டின் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பெயர் ஊருக்கு மதிப்பைத் தரும். தனியார் வீட்டை விற்பதையோ உடைப்பதையோ அது தடுப்பதில்லை. கிரயப் பத்திரத்தில் உடைக்கக் கூடாது என்று எழுதிக்கொள்வதும் பெரிய காப்பு அல்ல. முழு உரிமையையும் கொடுத்தபின் இப்படித்தான் அனுபவிக்கவேண்டும் என்று விதிக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. வீடு நிற்கவேண்டும் என்றால், நிற்கவைக்கக்கூடிய ஆளைத் தேடுவதுதான் வழி.

அவர்கள் மூன்று வகை. முதல் வகை உங்கள் பங்காளிகளும் ஊர்க்காரர்களும். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூரில் உள்ள நகரத்தார் சங்கங்கள் வழியே இவர்களை எட்டலாம். இரண்டாம் வகை விடுதிக்காரர்கள். கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தின் சாரதா விலாஸ் எல்லாம் குடும்ப வீடுகளாக இருந்து விடுதியானவை. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் பழைய கட்டடங்களில் வேலை செய்யும் கட்டடக் கலைஞர்களிடம்தான் முதலில் பேசுவார்கள். உங்கள் வரைபடம் அவர்கள் கையில் இருக்கட்டும். மூன்றாம் வகை அறக்கட்டளைகள், கலைப் பயிலகங்கள், படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட நினைப்பவர்கள்.

சுற்றிப் பார்க்க வந்து மயங்கிப் போகும் வெளிநாட்டுப் பயணியை வாங்குபவராகக் கணக்கிடாதீர்கள். இந்திய வம்சாவளி அல்லாத, இங்கே வசிக்காத வெளிநாட்டவர் இந்தியாவில் வீடு வாங்க முடியாது. திருமயம் கோட்டை போன்ற தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் வீடு இருந்தால், புதுக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். விரிவாக்க நினைக்கும் விடுதிக்காரரிடம் இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்தில் அரண்மனை, பொக்கிஷம், பாரம்பரியப் பெருமை போன்ற சொற்களால் பயனில்லை. வாங்குபவர் அறிய நினைப்பதை வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

*இரு தெருவுக்கும் வாசல் உள்ள நகரத்தார் வீடு. மனை 27.5 சென்ட். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, நீருள்ள கிணறு. தூண், நிலை, கதவு, தரை யாவும் கட்டியபோது இருந்தபடி. கூரை இந்த ஆண்டு ஓடு மாற்றப்பட்டது. இரண்டாங்கட்டு வடபுறச் சுவர் செப்பனிடவேண்டும். உரிமையாளர் அனைவரும் ஒரே கிரயத்தில் கையெழுத்திடுவர். வில்லங்கச் சான்று, அளவு வரைபடம், பொறியாளர் அறிக்கை தயார். விலை ரூ. 1.75 கோடி. உடைப்பதற்கு வாங்குவோர் அழைக்கவேண்டாம்.*

பழுதை நாமே சொல்வது விலையைக் குறைக்காதா என்று கேட்பார்கள். பார்க்க வருபவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பதை ஒளிப்பதால் மற்றவற்றையும் அவர் நம்பமாட்டார். படங்களிலும் அப்படியே. தெருவிலிருந்து முகப்பு, தலைவாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோடாகத் தெரியும் பார்வை, வெயில் முற்றத்தில் இறங்கும் வேளையில் வளவு, ஒரு தூணின் போதிகை, தரை, கூரையின் உட்புறம், பழுதான சுவர் என்று பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும்.

பார்க்க வரும் நாளில் எல்லா அறையும் திறந்திருக்கட்டும். குடிக்கத் தண்ணீரும் ஒரு நல்ல கழிப்பறையும் இருக்கட்டும். வீட்டைக் காட்டுபவர் ஒருவர், விலை பேசுபவர் ஒருவர். நாலு பங்காளிகள் கூட வந்து ஆளுக்கொரு விலை சொன்னால், அதில் குறைந்ததுதான் உங்கள் விலை. தரகருக்கு எத்தனை சதவீதம், விற்பவர் பக்கமா, இரு பக்கமுமா என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

6. ஒப்பந்தமும் வரியும்

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்யவேண்டிய ஆவணம். முன்பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள், ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். இரண்டாம் பகுதியில் போட்ட பட்டியல்களை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையில் கதவொன்று காணாமல்போனால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

மொத்த விலை ரூ. 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், உள்நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவர் பங்கிலும் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். தனிப் பங்கு ரூ. 50 லட்சத்துக்குக் கீழே என்று தப்ப முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் பங்காளிக்குப் பிடித்தம் மிக அதிகம். குறைத்துப் பிடிக்க வருமான வரித்துறையிடம் அவர் முன்கூட்டியே சான்று வாங்கவேண்டும். ஒப்பந்தம் போட்ட வாரமே அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

2001-க்கு முன் வந்த சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். அதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கை ஒன்று வாங்கிவையுங்கள். நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். உள்நாட்டில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீத முறையில் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆறு மாதத்துக்குள் அதற்கென உள்ள அரசு நிறுவனப் பத்திரங்களில் ரூ. 50 லட்சம் வரை போட்டு வரிவிலக்கும் பெறலாம். இந்த வரம்பு ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி.

7. ஆண்டு முழுவதற்குமான அட்டவணை

- ஆனி, ஆடி: வம்சாவளித் தாள், குடும்ப உடன்படிக்கை, வாரிசுச் சான்று மனுக்கள். ஆடியில் கிரயம் பதியப் பலர் தயங்குவார்கள். காகித வேலைக்கு ஏற்ற மாதம்.
- ஆவணி, புரட்டாசி: கூரை, கால்வாய், மரக்கன்று அகற்றல். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடியவேண்டும்.
- ஐப்பசி, கார்த்திகை: மழை பெய்யும்போது வீட்டுக்குள் நின்று பாருங்கள். ஒழுகும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, வெயில் வந்ததும் சரிசெய்யுங்கள். பொறியாளர் அறிக்கையும் இப்போதுதான் எடுக்கவேண்டும். மழையில் பார்த்த அறிக்கையை வாங்குபவர் நம்புவார்.
- மார்கழி: படங்கள், வரைபடம், விலைக் கணக்கு, விளம்பர வாசகம்.
- தை, மாசி: விளம்பரம், வீடு காட்டல். பொங்கலுக்கு வெளியூர்ப் பங்காளிகள் வருவார்கள். கையெழுத்து விவகாரத்தில் மிச்சமிருப்பதை நேரில் தீர்க்கலாம்.
- பங்குனி, சித்திரை: பேரம், ஒப்பந்தப் பதிவு, வரிச் சான்று விண்ணப்பம், பவர் பத்திரங்கள்.
- வைகாசி: கிரயம். பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கவேண்டும். சாவிக் கொத்தோடு வரைபடம், பொறியாளர் அறிக்கை, ஓடும் கல்லும் வாங்கிய இடங்களின் விவரம், வீட்டில் வேலைசெய்த கொத்தனார், ஆசாரியின் தொலைபேசி எண் ஆகியவற்றையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மழைக்கு ஓடு மாற்றவேண்டியவர் இனி அவர்தான்.